லத்திக்குக் காத்திருத்தல்

செமொன்கோங்கில் ஜூலை.
ஆற்றோரம் கண்ணாடியாய் உறைந்துபோன இரவு.
போனில் மொகேதி சொன்னது ஒரே வரி:
"டாக்டர், திரும்பித் திரும்பித்
தன் வயிற்றையே பார்க்கிறது."

வேறொன்றும் கேட்கவில்லை. வண்டியை எடுத்தேன்.

கல் தொழுவம். ஒரு டார்ச்.
சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள்,
அதனால் பெயர் செஃபாகோ, ஆலங்கட்டி.
மலைமேல் கடைக்கு மாவு மூட்டை சுமப்பது.
முன்னங்காலால் தரையைக் கீறுகிறது,
படுக்கப் பார்க்கிறது, மறந்து நிற்கிறது.
கொள்ளுக்கு வாய் திறக்கும், கடிவாளத்துக்கு மூடும் என்பார்களே,
இது இரண்டுக்கும் திறக்கவில்லை.

உதட்டைத் தூக்கி ஈறில் கட்டைவிரல்.
வெளுத்த இடம் சிவக்க மூன்று விநாடி.
இதயம் நிமிடத்துக்கு ஐம்பத்தாறு.
நாற்பதைத் தாண்டினால் நான் பேச்சைக் குறைப்பேன்.
வலப்பக்கம் ஸ்டெதஸ்கோப் வைத்தால்
தூரத்தில் குழாயில் தண்ணீர் வடிவதுபோல் ஏதோ.
இடப்பக்கம்
ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம்.

கையுறை தோள்வரை.
உள்ளே, குளிரில்லாத ஒரே இடத்தில்,
விரல்கள் தேடிக் கண்டுபிடித்தன:
பெருங்குடல் மடங்கும் வளைவில்
பிசைந்து மறந்த மாவுபோல் இறுகிய உருண்டை.
அழுத்தினால் பள்ளம் விழுகிறது. நல்லது.
முறுக்கு இல்லை. மிக நல்லது.
இங்கே மேசை இல்லை, மயக்க மருந்துக்காரர் இல்லை;
முறுக்கு என்றால் நான் வேறு ஊசி எடுத்திருப்பேன்.
அதை மொகேதியிடம் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.

மூக்கு வழியே குழாய்,
விழுங்கும் கணத்துக்காகக் காத்து, மெல்ல.
வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், உப்பு, லிக்விட் பாரஃபின்.
"விளக்குக்கு ஊற்றுகிற பாரஃபினா?" என்றாள் ந்தாதிசி,
தூக்கக் கலக்கத்தில் கம்பளியோடு.
"அதன் தங்கை. எரியாது, வழுக்கும்."

பிறகு நடை. பிறகு நிற்றல். பிறகு நடை.
மைத்துனன் பாகொவானே சனிக்கிழமைப் பந்தயத்தில்
இதன்மேல் கட்டிய பணத்தைப் பற்றி
ஒரு முறை பேச ஆரம்பித்தான்.
யாரும் திரும்பிப் பார்க்காததால் நிறுத்திக்கொண்டான்.

காத்திருக்கும்போதுதான் புத்திமதி சொல்வோம்.
சொன்னேன்: காய்ந்த சோளத்தட்டை, மேலே ஐஸ் தண்ணீர்,
குதிரை குடிக்காது; குடிக்காவிட்டால் குடல் அடைக்கும்.
தினம் இரண்டு வாளி, வெதுவெதுப்பாக.

ந்தாதிசி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"எதை எரித்து, டாக்டர்?
மூன்று கூடை வறட்டி இருக்கிறது.
ஆகஸ்ட் முடியும்வரை
அதுதான் கஞ்சி, அதுதான் குழந்தையின் குளியல்."

கல்லூரியில் இந்தக் கேள்விக்கு மதிப்பெண் இருந்ததில்லை.
வாளியை வெயிலில் வையுங்கள், என்றேன்.
வைக்கோலால் சுற்றுங்கள். தட்டையை நனைத்துப் போடுங்கள்.
நடுப்பகலில் ஓட்டிப்போய்க் குடிக்க விடுங்கள்.
சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே
மலிவுக் கடைக்காரன் குரலாய்க் கேட்டது.

மலை விளிம்பு வெளுத்தபோது
செஃபாகோ வாலைத் தூக்கியது.
நாலு பேரும் மூச்சைப் பிடித்தோம்.
வெறும் காற்று.
அதற்கே பாகொவானே கைதட்டினான்.

பிறகு விழுந்தது:
ஒன்று, இரண்டு, ஐந்து.
எண்ணெய் மினுக்கும் கரிய உருண்டைகள்,
பனியில் ஆவி பறக்க.
மொகேதி குனிந்து ஒன்றை உள்ளங்கையில் எடுத்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினான்.
கையுறை போட்டிருந்தது நான் மட்டும்.
சிரித்தோம், இருமும்வரை.

தேநீருக்கென்று கெட்டில் கொதித்திருந்தது.
கோப்பைகள் நாலும் வரிசையாக இருந்தன.
ந்தாதிசி அவற்றைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள்,
கெட்டிலை அப்படியே குளிர்ந்த வாளியில் கவிழ்த்தாள்.

செஃபாகோ முகர்ந்தது. மூக்கை நனைத்தது.
குடிக்கத் தொடங்கியது.
ஒவ்வொரு மிடறுக்கும் காது ஒருமுறை அசையும்,
தெரியுமா.
எண்ணிக்கொண்டே நின்றேன்.
பதினேழு.