நான்காம் மதிலில் தார்ப்பாய்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கீழே
கும்பப்பூ அறுத்த வயலில்
மாசி இரண்டாம் ஞாயிறன்று
கமிட்டி எனக்குக் கொடுத்திருக்கும் வேலை
ஒரு நீலத் தார்ப்பாய்.

குதிரை விழுந்து எழாவிட்டால்
நானும் பெல்லார்மினும் ஓடிப்போய்
ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிற்க வேண்டும்.
உள்ளே டாக்டர் குனிவார்.
வெளியே சனம் தலைக்கட்டை அவிழ்க்கும்,
கடலைப் பொட்டலத்தை மடக்கும்.
காற்று மட்டும் மரியாதை அறியாது.
காற்றாலை சுற்றுகிற ஊர்க் காற்று,
தார்ப்பாயைப் பாய்மரமாக்கி
எங்களையும் சேர்த்து இழுக்கும்.

பதினேழு மாசி. ஆறு முறை விரித்திருக்கிறேன்.
அதற்குமேல் கேட்காதீர்கள்.

பந்தயத்தின் கதை நோட்டீசில் இருக்கும்:
கிராம்புத் தோட்டத்துத் துரை ஒருவனும்
உப்பளத்து ஏஜென்ட் ஒருவனும்
ஒரு ராத்திரி வாக்குவாதத்தில் கட்டிய பந்தயம்.
இந்த ஊர்க் கோயில் மணிக்கூண்டிலிருந்து
அந்த ஊர் மணிக்கூண்டு வரை,
நடுவில் எது வந்தாலும் தாண்டணும்.
வந்தவை:
கைதைப் புதர், சானல், கல்மதில்கள்,
ஈசாக்கு என்பவரின் மரச்சீனி விளை.
மரச்சீனிக்கு நஷ்டஈடு இன்னும் பாக்கி என்று
அவர் வம்சத்தார் வருசாவருசம் மேடைக்கு வந்து
ஆளுக்கொரு சோடா குடித்துவிட்டுப் போவார்கள்.

பழைய பேரேடு மலையாளத்தில்.
ஐம்பத்தாறு நவம்பரில் ஜில்லா இந்தப் பக்கம் வந்தது,
அடுத்த தாளிலிருந்து தமிழ்.
குதிரைகளிடம் யாரும் சொல்லவில்லை.
அவை அதே மதிலில் தயங்கின,
அதே சானலில் ஒரு குளம்பை நனைத்தன.
முதல் நாற்பது தாள்களில்
குதிரைக்குப் பெயர் உண்டு,
உடைமைக்காரனுக்குப் பெயர் உண்டு,
மேலே இருந்தவன் வெறும் 'ஆள்'.
ஆள் தோள் ஒடிந்தது.
ஆள் மாற்றப்பட்டது.

நான்காம் மதில் கருங்கல்.
ஏறும் பக்கம் மார்பளவு,
இறங்கும் பக்கம் ஆளுயரத்துக்கும் மேல்.
முன்னங்கால் மண்ணை விட்ட பிறகுதான்
குதிரைக்கு அது தெரியும்.

போன மாசி
கருப்பட்டி என்றொரு பெண்குதிரை,
ரப்பர் ஷீட் வியாபாரி டயோனிசியசுடையது.
மேலே நேசையன், ஐம்பத்தொரு கிலோ,
விடியலில் ஒரு கட்டன் சாயா மட்டும் குடித்தவன்.
மூன்றாவதாக வந்தது.
மதிலடியில் நின்ற எனக்கு
முதலில் வயிறு தெரிந்தது,
சேறு அப்பிய வார்ப்பட்டை தெரிந்தது,
பிறகு எல்லாம் ஒன்றாய் மண்ணில்.

ஓடினோம். விரித்தோம்.
சனம் அடங்கியது.
டாக்டர் பையைத் திறந்தார்.
அதற்குள்
கருப்பட்டி எழுந்து ஒரு உதறு உதறி
தார்ப்பாயின் ஓரத்தை மிதித்துக்கொண்டு
போய்விட்டது.

ஆளில்லாச் சேணம்,
இரண்டு பக்கமும் விலாவில் அடிக்கும் அங்கவடி.
சானலைத் தாண்டியது, கைதையைத் தாண்டியது,
தாண்ட வேண்டாத ஒரு கயிற்றையும் தாண்டியது.
மணிக்கூண்டடியில் முதலாவதாய்ப் போய் நின்று
வரவேற்பு வளைவில் கட்டியிருந்த
தோவாளைச் செவ்வந்தியைத் தின்றது.

தார்ப்பாய்க்குள் நேசையன் மல்லாந்து கிடந்தான்.
காறையெலும்பு சட்டைக்குள் முளைக்குச்சி போல.
குதிரைக்கு எடுத்த ஊசியை
டாக்டர் அவசரமாய்ப் பைக்குள் ஒளித்தார்.
"எவன் முதல்?" என்றான்.
பெல்லார்மின் எட்டிப் பார்த்துச் சொன்னான்,
"உன் குதிரைதான்."
"அப்போ நான்?"

நாங்கள் பிடித்தபடியே நின்றோம்.
வெளியே ஒரு பகுதி சனம்
செத்ததாய் நினைத்த குதிரைக்காக
அவிழ்த்த துண்டை
இன்னும் கட்டவில்லை.

விதிப்படி, ஆள் இல்லாத குதிரை கணக்கில் வராது.
கோப்பை அடுத்து வந்த சாம்பலுக்குப் போனது.
பேரேட்டில் எழுத்தர் எழுதினார்:
கருப்பட்டி, ஓட்டம் முடிக்கவில்லை.

சாயங்காலம் மடிக்கும்போது பார்த்தேன்,
தார்ப்பாயில் குளம்பு பட்ட இடத்தில்
அரைவட்டமாய் ஒரு கிழிசல்.
புதுசு வாங்கக் கமிட்டி பணம் தந்தது.
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
இந்த மாசிக்கும் இதேதான்.
காற்று கொஞ்சம் அந்த வழியே போய்விடுகிறது,
பிடிக்க லேசாக இருக்கிறது.