பதினொன்றரை மில்லிமீட்டர்

லீட்ரிமில் காலை ஏழு மணி, தூறல்.
வேனுக்குள் டீசல், ஈரக் கம்பளி,
நேற்றைய சாண்ட்விச்,
எல்லாம் சேர்ந்து ஒரே வாசனை.
கொனல் சிப்பரின் வாயைத் திறந்து
கத்திகளைத் தடவுகிறான்,
சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன்போல.

உட்கார்ந்த கிளையை வெட்டுபவன் மடையன் என்பார்கள்.
எனக்கு அதற்குத்தான் கூலி.
காப்பீட்டுக்காரன் கேட்கிறான்:
எவ்வளவு உயரம், எத்தனை நாள், திருமணமானவரா?
மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்கிறான்.

பெட்ரோல் ரம்பத்தை வசந்தத்தில் விற்றேன்.
பதிலுக்கு மூன்று பாட்டரி, ஒரு சார்ஜர்,
பதினெட்டு மாதத் தவணை.
பொம்மை வாங்கி வந்திருக்கிறாய் என்றான் கொனல்.
பொம்மைதான்.
விசையை விட்டதும் வாயை மூடிக்கொள்கிறது.
அந்த அமைதியில் ஒருநாள் தண்டுக்குள்
யாரோ நெட்டி முறித்தார்கள்.
நான் காலை நகர்த்தினேன்,
கிளை நான் இருந்த இடத்துக்கு வந்தது.
அதே சத்தம் கேட்காமல் போனது ஃபியாக்ராவுக்கு.
ஸ்லைகோவில் இப்போது ஓடு விற்கிறான்,
கைத்தடியைக் கல்லாவில் சாய்த்துவைத்து.

இன்றைய மரம் ஆஷ்.
மூன்று கோடையாக உச்சியில் இலை இல்லை.
ஹர்லிங் மட்டைக்குக்கூட ஆகாது,
தொட்டால் பிஸ்கட்.
தூக்குவண்டி எடுத்தால் நாளுக்கு முந்நூற்றைம்பது,
அதுவும் இந்தச் சேற்றில் அச்சுவரை புதையும்.
அதனால் பக்கத்து ஓக்கில் கயிறு கட்டினேன்,
நோயாளியிடம் கடன் கேட்கக் கூடாது.
ஆஷுக்குக் காலில் முள் மாட்டினேன்.
போகிற மரத்துக்குத்தான் முள்,
பிழைக்கிற மரத்தில் ஒவ்வொரு குத்தும்
வருடக்கணக்கில் கசியும்.

கயிறு புதியது.
ஆரஞ்சில் நீலப் புள்ளி, நாற்பத்தைந்து மீட்டர்,
பதினொன்றரை மில்லிமீட்டர்.
மெலிந்தது, விரைவானது,
உள்ளங்கையில் மீன்போல ஓடும்.
பழைய பதின்மூன்றை
எருமை என்று பெயர் வைத்துச் சிரித்திருக்கிறேன்.

பதினைந்து மீட்டரில், பதினொன்றே கால் மணிக்கு,
கைரம்பத்தை உறையிலிருந்து எடுத்தேன்.
எப்போதும் எடுப்பதுபோலத்தான்.
முகத்துக்கு நேரே கயிற்றில்
சிறு பஞ்சு எழுந்து நின்றது.
மேலுறை இரண்டு இழை விட்டிருந்தது.
உள்ளே வெள்ளை.

ஒன்றும் நடக்கவில்லை.
அதைத்தான் சொல்ல வருகிறேன்.
எடையை முள்ளுக்கும் இடுப்புப் பட்டைக்கும் மாற்றினேன்.
மூச்சு விடுவதில் ஒரு முறையை மறந்துபோனேன்.
ரேடியோவில், கொனல், எருமையைக் கொடு என்றேன்.
அவன் கேள்வி கேட்கவில்லை.
மீட்புக்கென்று காலையிலேயே ஓக்கில்
அதைத் தொங்கவிட்டிருந்தான்,
நான் திட்டியபோதும்.
வாலை ஆட்டி என் பக்கம் அனுப்பினான்.
தடித்து, மெதுவாக,
முடிச்சில் முறைத்துக்கொண்டே
என்னைத் தரையில் இறக்கியது.

வீட்டுக்காரர் மக்கியர்னன் தேநீரோடு வந்தார்.
நல்ல கயிறாகத்தானே இருக்கிறது,
என் பெண்ணுக்கு ஊஞ்சலுக்குத் தருவீர்களா?
கூடாது என்றேன்.
அவர் கண் முன்னால்
ஒரு முழம் ஒரு முழமாக நறுக்கினேன்,
யாரும் இரண்டாவது முறை நம்பிவிடாதபடி.
இருநூற்றெண்பது யூரோவை நறுக்கும் சத்தம்
வெண்டைக்காய் நறுக்குவதைவிட அதிகமில்லை.
கஞ்சப் பிசாசு என்று நினைத்திருப்பார்.
தேநீர்க் கோப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மாலையில் வேனில், போனில்,
கயிறு தேடினேன்.
பதின்மூன்றின் மேல் விரல் நின்றது.
நாளைக்குப் பீச் மரம், இருபத்திரண்டு மீட்டர்,
அகன்ற விரிவு, நாலு தடவை ஏறி இறங்கணும்.
தோள் இப்போதே கணக்குச் சொல்கிறது.

பதினொன்றரையையே தட்டினேன்.
பின்னொரு பொத்தானையும் தட்டினேன்:
கைரம்பத்துக்குப் புதிய உறை,
காலில் கட்டுகிற வகை, இடப்பக்கத்துக்கு.
கயிறு ஓடாத பக்கம்.

கொனல் நறுக்கியதில் ஒரு முழம் எடுத்து
வேனின் பின்கதவைக் கட்டினான்.
பூட்டு போன மாதமே போய்விட்டது.