பொயின்ற் கணக்கு

சீமெந்துப் பையைக் கிழித்து
உட்புறத்தில் எழுதித் தருகிறேன், பத்மலோசனி அக்கா.
கொப்பித் தாள் தொலைந்துபோகும். இது தடிப்பு.

விளக்கு ஏழு, காற்றாடி இரண்டு, பிளக் ஐந்து.
மொத்தம் பதினாலு பொயின்ற்.
ஒன்றுக்குக் கூலி ஆயிரத்து எண்ணூறு.
முத்தையன்கட்டில் வயரிங் செய்கிற ஆம்பிளைகளும்
இதைத்தான் கேட்கிறார்கள்.
“நீ பொம்பிளைப் பிள்ளைதானே” என்று தொடங்கினீர்கள்,
வசனத்தை முடிக்கவில்லை.
கறண்ட் ஆள் பார்த்து அடிப்பதில்லை, அக்கா.

வயர் இரண்டு சுருள், குழாய், பெட்டி, ஆணி,
ட்ரிப் சுவிற்ச் ஒன்று. இதில் மட்டும் பேரம் வேண்டாம்.
மலிவானது இருக்கிறது, பார்க்க அப்படியே இருக்கும்.
மழை இரவொன்றில் ஈரக் கையோடு
நீங்கள் மோட்டரைத் தொடும்போது
அது யோசித்துக்கொண்டிருக்கும்.

சாமான் எல்லாம் நாற்பத்தாறாயிரம்.
புதுக்குடியிருப்பில் வாங்கினால் முந்நூறு குறையும்.
பஸ் காசு போனால் மிச்சம் ஒரு பிளேன்ரீ.
மின்சார சபைக்குக் கட்டுவது வேறு,
அது என் கையில் இல்லை:
தூண் எவ்வளவு தூரமோ அவ்வளவு காசு.

சுவர் வெட்டுவதற்கு அடிக்கணக்கு.
குசினியில் மட்டும் வெட்டத் தேவையில்லை.
உள்ளே ஒன்று, அதற்கு நேரே வெளியே ஒன்று,
ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது.
கடதாசி அடைத்து வைத்திருக்கிறீர்கள்.
அதற்கு நான் காசு போடவில்லை.
என்ன துளைத்தது என்று கேட்கவுமில்லை.

பென்சிலை வாங்கி வெட்டத் தொடங்கினீர்கள்.
கோடியில் விளக்கு வேண்டாம், நிலவு வரும்.
அறைக்குக் காற்றாடி வேண்டாம், வெளியே படுக்கலாம்.
கட்டிலடிப் பிளக்குக்காகக் கீர்த்தனன் வாதாடினான்.
“படுத்தபடி போன் நோண்டவோ?”
அதுவும் போயிற்று.
பதினொன்று. பத்தொன்பதாயிரத்து எண்ணூறு.
என் போன் கணக்குப் போட முன்னமே
ஐயாயிரத்து நானூறு குறைஞ்சிட்டுது என்றீர்கள்.
பாதி இப்போது.
மீதி கச்சான் விற்ற பிறகு.

எட்டாம் நாள் எர்த் றொட் அடித்தேன்,
கிணற்றுக்கு இந்தப் பக்கம், ஈரமண்ணில்.
மூன்றடி இறங்கியதும் டங் என்றது.
சுத்தியல் என் கையில் அப்படியே நின்றது.
இரும்பில் இரும்பு படுகிற சத்தத்துக்கு
இங்கே ஒருவருக்கும் விளக்கம் தேவையில்லை.
நடந்த தடத்திலேயே பின்னால் போனோம்,
கோழி மட்டும் நின்றது.

நீங்கள்தான் கிணற்றுக்கட்டிலிருந்து
கண்ணால் எட்டு வைத்து எண்ணினீர்கள்.
“ஒன்பது. அது மெசின்.
மற்றப் பக்கமெல்லாம் கிண்டிப் பார்த்திட்டன்.”
எண்டாலும் அவர்களை அழைத்தோம்.
இரண்டு நாள் கழித்து முகமூடியோடு இருவர் வந்து
மண்ணைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தார்கள்.
அந்த இரண்டு நாளும் எனக்குக் கூலியில்லை,
அது இந்தப் பையில் எழுதப்படாத செலவு.

யூரியாப் பை, அதற்குள் பொலித்தீன், அதற்குள் கிறீஸ்,
அதற்குள் தையல் மெசின் தலை.
ஊசி உக்கிப்போயிருந்தது.
மூன்றாம் முறை எண்ணெய் விட்டபோது
சில்லு அரைச் சுற்று சுற்றியது.

“இதுக்கு மோட்டர் பூட்டலாமோ?”
பூட்டலாம்.
“அப்ப ஒரு பிளக். யன்னலுக்குக் கிட்ட.”
நான் சும்மா போட்டுத் தருவேனோ என்று பார்த்தீர்கள்.
நானும் ஒரு நிமிடம் பார்த்தேன்.
பிறகு பையை விரித்து, பன்னிரண்டு என்று திருத்தி,
ஆயிரத்து எண்ணூறைக் கூட்டினேன்.
“சரி, கச்சானோடை சேர்த்துத் தாறன்,”
குரலில் குறையில்லை.

றொட்டை நான்கடி தள்ளி அடித்தேன்.
ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி, கேட்டு, அடித்தேன்.
முழுதும் இறங்கும்வரை
நீங்கள் கிணற்றுக்கு அந்தப் பக்கமே நின்றீர்கள்,
மெசினை இடுப்பில் வைத்தபடி.