நவம்பர், இரண்டாம் செவ்வாய்

இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில்
உருளைக்கிழங்கு மசித்தவளுக்கு
விமானம் எப்போதும் இரட்டை விலை.
பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டால்தான்
என் அடுப்பும் அணையும்.
அது அணைகிற அன்றைக்கே
கட்டணம் கொதிக்கத் தொடங்கிவிடும்.

டண்டீயிலிருந்து தொலைதூரம் என்று
நாங்கள் போனதெல்லாம் ஓபன் வரைக்கும்.
மாமியாரின் கேரவன், இரண்டு பிளாஸ்க் தேநீர்,
ஒரே ஒரு தடவை கடல்நாய்.

ஃபெர்கஸ் மட்டும் விடவில்லை.
பேருந்துப் பணிமனையில் கொடுத்த டைரியில்
வாரம் தவறாமல் விலை குறித்தான்.
ஏப்ரலுக்கு எதிரே, பகல்கொள்ளை.
ஜூலைக்கு, சிறுநீரகம் ஒன்று போதாது.
டிசம்பர் இருபதில் எழுத்தே இல்லை,
பேனா முனை தாளைக் கிழித்திருந்தது.
நவம்பர் இரண்டாம் செவ்வாய்க்குக் கீழே
அழுத்தமாய் இரண்டு கோடு.
"அந்த வாரம் யாருக்கும் எங்கேயும் போகத் தோன்றாது"
என்பான், ஏதோ புதையல் இருக்கிற இடத்தைச் சொல்வதுபோல.

ஜூனில் பள்ளியை மூடினார்கள்.
பிள்ளைகள் போதவில்லையாம்.
எனக்கு ஒரு பூங்கொத்து, பெயர் பொறித்த கரண்டி,
வாழ்க்கையில் முதல் தடவையாக
ஒரு நவம்பர்.

"அங்கே அப்போது அடைமழையாமே?"
பக்கத்து வீட்டு செங்கா கேட்டாள்,
குடையை மடக்கியபடி.

எடின்பரோ, தோஹா, டா நாங்.
எங்கள் வரிசையில் நடு இருக்கை காலி.
ஃபெர்கஸ் அதற்கும் பெல்ட் மாட்டிவிட்டான்,
லாபம் எழுந்து ஓடிவிடாமல்.

ஹோய் ஆனில் மூன்று நாள் தூறல்.
நாலாம் நாள் காலையில்
ஆறு தெருவுக்கு வந்துவிட்டது.
விடுதிக்காரி தூய் பதறவில்லை.
கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள்,
மேசைகளை மாடிக்கு ஏற்றத் தொடங்கினாள்,
துணி துவைக்கிற நாள் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்பதுபோல.
நாங்களும் கை கொடுத்தோம்.
நாற்காலி பதினெட்டு, குளிர்பெட்டி ஒன்று,
ஈரமே படாத ஒரு பூனை.

மாடிப்படிச் சுவரில் பென்சில் கோடுகள்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வருஷம்.
பிள்ளை வளர்ந்ததைக் குறித்திருக்கிறாள் என்று
நினைத்தேன். தண்ணீர்.
ஃபெர்கஸ் குனிந்து நெடுநேரம் பார்த்தான்.
"இவளிடமும் ஒரு டைரி இருக்கிறது" என்றான்.

பன்னிரண்டு மணிக்கு என் கை தானாகவே
கிண்ணங்களை எண்ணியது.
நூற்று நாற்பது வரைக்கும் போய்ப் பழகிய கை
மூன்றில் நின்றது.
நூடுல்ஸ் ஆவி கண்ணாடியை மறைக்க
தூய் கேட்டாள், ஏன் இந்த மாதம் வந்தீர்கள்?
மலிவு, என்றேன். வெட்கமாக இருந்தது.
அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.
"எனக்கும் இந்த மாதம்தான் ஓய்வு.
வெயில் அடித்தால் அறையெல்லாம் ஆள்.
மழை பெய்தால்…" ஜன்னலைக் காட்டினாள்.
ஒரு பையன் கழன்ற கதவு ஒன்றின் மேல்
கீரைக்கட்டுகளை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனான்.

பிறகு, குரலைத் தாழ்த்தி,
விலை கேட்கவே பயப்படுகிறவளாய்:
"பனி பார்க்கணும் எனக்கு.
உங்கள் ஊருக்கு எப்போது மலிவு?"

ஃபெர்கஸ் டைரியை எடுத்தான்.
பதினொரு வருஷத்து எண்கள். புரட்டினான்.
போகிற விலை இருந்தது.
யாராவது வருகிற விலையை
அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஜனவரி," என்றேன் நான்,
"ஜனவரியில் எங்கள் ஊருக்கு ஒரு ஈ காக்கை வராது."

அவன் தலையாட்டவில்லை.
டைரியைத் தலைகீழாகத் திருப்பினான்,
கடைசிப் பக்கத்தின் ஈரத்தைச் சட்டையில் ஒற்றினான்,
பேனாவைத் திறந்து
தூயைப் பார்த்தான்:
"உங்களுக்கு எந்தக் கிழமை வசதி?"