அவசரமில்லாத பயணி

இறங்கியதும் முதல் வேலை எண்ணெய் வடிப்பது.
எஞ்சின் சூடு ஆறுவதற்குள்
இரண்டு தகர டின்களில் பிடித்து
ஆவி பறக்கப் பறக்க
டெஜார்லேயின் மரவீட்டுக்குள் தூக்கிப்போய்
அடுப்போரம் வைத்தேன்.

ஆர்வோ லெஹ்தினெனை வெளியிலேயே விட்டோம்.
பொறி வைத்து நரி பிடித்தவன்.
உட்கார்ந்தபடி உறைந்துபோயிருந்தான்,
கால்களை நீட்ட முடியவில்லை.
டிக்கெட் எடுத்தவனைப் போல
இருக்கையிலேயே கட்டி ஏற்றியிருந்தோம்.
எண்ணெய் உறையக் கூடாது,
அவன் உருகக் கூடாது.
அன்றிரவு எனக்கு இருந்த கவலை
இவ்வளவுதான்.

வடக்கு மனிடோபா, பிப்ரவரி.
தண்ணீரே கேட்காத எஞ்சின் இது:
உறைந்து வெடிக்க ஒரு குழாய்கூட இல்லை என்று
மாண்ட்ரியாலில் விற்றவர்கள் சொன்னார்கள்.
எண்ணெய் தாராகிவிடும் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

வட்டமாய் ஒன்பது சிலிண்டர்,
ஒன்பதுக்கும் ஒரே முழங்கை.
மூத்த தண்டு ஒன்று அதைப் பற்றியிருக்க
மற்ற எட்டும்
அதன் இடுப்பைப் பிடித்துத் தொங்கும்.

விடியல் இங்கே கடிகாரத்தில் மட்டும்.
விமானத்தின் மூக்கில் கித்தானைப் போர்த்தி
உள்ளே ஊதடுப்பும் நானும்.
ஒரு முழம் தள்ளி பெட்ரோல் குழாய்.
போன மாதம் வேறொரு ஏரியில் ஒருவன்
இப்படித்தான்
விமானத்தையும் புருவத்தையும் இழந்தான்.

கொதிக்கக் கொதிக்க எண்ணெயை ஊற்றினேன்.
"வானம் ஒரு மணி நேரம்தான் தெளிவு" என்றான் எம்ரிஸ்.
நான் விசிறியைக் கையால் சுற்றினேன்.
ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது,
பிறகு இரண்டு, நான்கு...
நின்றுவிட்டது.

"தள்ளு!"

தள்ளவில்லை.
அடிச் சிலிண்டரில் இரவெல்லாம்
மிச்ச எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும்.
தள்ளினால் தண்டு வளையும்.
அது இங்கே தெரியாது,
காட்டின் மேல் பறக்கும்போது தெரியும்.

கையுறையைக் கழற்றிப் பிளக்கைத் திருகினேன்.
விரல்தோல் கொஞ்சம் இரும்போடு போயிற்று.
பனியில் கருப்பாய் ஒழுகியது,
கடைசிச் சொட்டு வரை
எம்ரிஸ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி சுற்றினேன். இருமியது.
ஒரு சிலிண்டர், மூன்று,
அப்புறம் எண்ண முடியாதபடி எல்லாம்.

உள்ளே ஏறினேன்.
ஆர்வோ நடுங்கிக்கொண்டிருந்தான்,
தோள், தாடி, மடித்த முழங்கால் எல்லாம்,
இப்போதுதான் அவனுக்குக்
குளிரெடுத்தது போல.

எஞ்சின் அதிர்வுதான். தெரியும்.
எண்ணெய் டின்னைச் சுற்றியிருந்த கம்பளியை எடுத்து
அவன்மேல் போர்த்தினேன்.

எம்ரிஸ் திரும்பிப் பார்த்தான்.
ஏதோ சொன்னான். எஞ்சின் சத்தத்தில்
எனக்குக் கேட்கவில்லை.