டாட் ரிப்பேர்

பெர்கனில் அன்றும் மழை.
சுன்னிவா ஹெல்லே குடை ரிப்பேர் செய்கிறவள்.
ஒடிந்த கம்பி, கழன்ற பிடி,
காற்று புரட்டிப்போட்ட கறுப்புத் துணி,
இவற்றோடு பன்னிரண்டு வருடம் மல்லுக்கு நின்றவளுக்கு
இணையத்தில் ஒரு பெயர் வாங்குவது
இத்தனை பாடா என்றிருந்தது.

ஹெல்லே டாட் காம்,
யாரோ எப்போதோ வளைத்துப் போட்ட மனை.
வீடில்லை, வேலியில்லை.
ஒரு சூரிய அஸ்தமனப் படம், அதன் கீழே
விற்பனைக்கு, ஒன்பதாயிரம் டாலர்.
ஒன்பதாயிரத்துக்கு எத்தனை கம்பி மாட்டவேண்டும் என்று
கணக்குப் போட்டாள்.
பாதியில் விட்டுவிட்டுக் காபி போட்டாள்.

நாட்டின் பெயரைச் சுமக்கும் டாட் என்.ஓ.வில்
ஏற்கெனவே ஒரு ஹெல்லே குடியிருந்தார்.
ஸ்டவாங்கரில் பல் மருத்துவர்.
கேட்டதும் பதில் எழுதிவிட்டார், நல்ல மனிதர்:
"மன்னிக்கவும், வலி வந்தால் என் ஆட்கள்
இந்த வழியாகத்தான் வருகிறார்கள்.
உங்கள் ஊர்க் காற்று இருக்கும்வரை
உங்களுக்கு என்ன குறை?"

மிச்சமெல்லாம்
முளைத்து மூன்று இலை விடாதவை.
டாட் ஷாப், டாட் ஸ்டோர், டாட் எக்ஸ்.ஒய்.இசட்.
அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக
டாட் ரிப்பேர்.
முதல் வருடம் நாற்பது குரோனர்.
இரண்டாம் வருடத்து விலை
பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்
பதுங்கியிருந்தது.

"கடன் வாங்கியாவது காமை வாங்கு"
என்றான் கணக்குப் பார்க்கும் கௌத்தே.
"புதுசில் கடிதம் போட்டால்
நேரே ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழும்.
ஜனங்களின் விரலுக்குக் காம்தான் பழக்கம்."
அவன் சொன்னதில் பொய்யில்லை.
அவளும் மறுக்கவில்லை.
"ஆனால் நான் செய்வது ரிப்பேர்தானே"
என்று மட்டும் சொல்லிவிட்டு
அட்டை எண்ணை அடித்தாள்.

அன்றிலிருந்து தொலைபேசியில் இந்தக் கூத்து:
"ஹெல்லே டாட் ரிப்பேர்."
"டாட் ரிப்பேர், டாட் என்ன?"
"அவ்வளவுதான்."
"அவ்வளவுதான் டாட் காமா?"

எங்கள் மொழியில் இந்தச் சொல்லுக்கு
இரண்டு முகம் உண்டு என்றேன் அவளிடம்,
என் குடைக்காகக் காத்திருந்த ஒரு சாயங்காலம்.
வண்டி ரிப்பேர் என்றால் கெட்டுப்போச்சு.
ரிப்பேர் பண்ணியாச்சு என்றால் சரியாப்போச்சு.
எனக்குத் தெரிந்த நார்வேஜியனில் சொன்னதால்
இலக்கணம் பாதி வழியில் மடங்கிக்கொண்டது.
அவளுக்கு எப்படியோ புரிந்தது.
"உடைந்ததற்கும் ஒட்டியதற்கும் ஒரே பெயரா,
மலிவாகப் போச்சு" என்று சிரித்தாள்.

பிறகுதான் வேன்.
போர்டு எழுதும் ஒட்வார்
இரண்டு நாள் மழைக்கு ஒதுங்கி, மூன்றாம் நாள்
அழகான வெள்ளை எழுத்தில் எழுதி முடித்தான்.
ஹெல்லே டாட் ரிப்பேர் டாட் காம்.
"நீ மறந்துவிட்டாய், நானே சேர்த்துவிட்டேன்.
அதற்குக் காசு வேண்டாம்" என்றான்.
முகத்தில் அத்தனை பெருமை.
என்ன சொல்ல முடியும் அவனிடம்?
காபி கொடுத்து அனுப்பினாள்.

அழித்து எழுத மூவாயிரம் குரோனர்.
அவள் அழிக்கவில்லை.
செத்துப்போன ஒரு குடையிலிருந்து
உள்ளங்கை அகலத் துணி வெட்டி
கடைசி மூன்று எழுத்தின் மேல்,
அவற்றின் புள்ளியையும் சேர்த்து, ஒட்டினாள்.
சுற்றிலும் மடித்துத் தைத்த ஓரம்.
தொழில் சுத்தம்.

நேற்று டான்மார்க்ஸ் பிளாஸ் சிக்னலில்
அந்த வேனைப் பார்த்தேன்.
காற்று துணியின் ஒரு முனையைக் கிளப்பியிருந்தது.
சி தெரிந்தது, ஓ தெரிந்தது,
பிறகு மூடிக்கொண்டது.
பக்கத்தில் சைக்கிளில் நின்ற ஒரு பையன்
போனை எடுக்கவில்லை.
வேன் கதவை இரண்டு தட்டுத் தட்டி
கம்பி பிதுங்கிய தன் குடையை
ஜன்னல் வழியே உள்ளே நீட்டினான்.

பச்சை விழுந்தது.
பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.
சுன்னிவா இன்னும் விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.