முந்நூறு எலிகள்

ஏழரைக்குள் உமி மாற்றியாக வேண்டும்.
பன்னிரண்டு கூண்டு, கூண்டுக்கு ஆறு.
மூடியைத் தூக்கினால் ஆறு மூக்கும்
ஒரே சமயத்தில் என் விரலை மோந்து பார்க்கும்.

மேல்தட்டு எலிகளுக்கு வெறும் தண்ணீர்.
நடுத்தட்டுக்கு ஈய உப்பு; வாலில் நீலக் கோடு.
கீழ்த்தட்டுக்கு ஈயமும் கீழாநெல்லியும்;
நீலத்துக்கு அடுத்து ஒரு பச்சைக் கோடு.
கோடு போடுவது நான்.
முனையில் குண்டு வைத்த வளைந்த ஊசியால்
தொண்டைக்குள் மருந்து இறக்குவது ஹிதாயா மேடம்.
கூத்தாநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்.
எலியைப் பிடிக்கும்போது அதனிடம் ஏதோ சொல்வார்,
என்னவென்று நான் கேட்டதில்லை.

செடி பறிப்பதும் என் பொறுப்பு.
குறுவை அறுத்த வரப்பில், வாய்க்கால் ஓரத்தில்,
யாரும் விதைக்காமல், யாரும் பாய்ச்சாமல்
இலைக்கு அடியில் கடுகுக் காயை ஒளித்துக்கொண்டு நிற்கும்.
ஒரு சாக்கு காய்ந்தால் ஒரு முறம்.
முறம் கொதித்து வற்றினால்
ஒரு கரண்டிக் கறுப்புப் பாகு.

நாற்பதாம் நாள் அறுத்துப் பார்த்தோம்.
நடுத்தட்டின் ஈரல் ஊறின சோறாய் வெளுத்திருந்தது.
கீழ்த்தட்டின் ஈரலில் சிவப்பு மிச்சமிருந்தது.
மேடம் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார்,
மறுபடி பார்த்தார், மறுபடி துடைத்தார்.
அன்று எனக்கும் ஒரு டீ.

என் வீட்டுக்காரர் தனராசு
மன்னார்குடி ரோட்டோரப் பட்டறையில்
செத்த பேட்டரி உடைப்பவர்.
உடைத்து, உருக்கி, கட்டியாய் வார்த்து அடுக்குவார்.
வயிறு முறுக்குகிறது என்பார், சோற்றைத் தள்ளிவைப்பார்.
ஒருநாள் கொப்பளிக்கும்போது பார்த்தேன்:
கீழ் ஈறில், மை தொட்டு இழுத்ததுபோல், நீலக் கோடு.
அதை நான் போடவில்லை.

அன்றிரவு காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
எலி நூற்றெண்பது கிராம்.
அவர் ஐம்பத்து நாலு கிலோ.
முந்நூறு எலிகள் சேர்ந்தால் என் புருஷன்.
முந்நூறு எலிக்கான பச்சையை
அம்மியில் அரைத்து மோரில் கரைத்து நீட்டினேன்.
கசக்குது என்றார். குடித்தார்.
மேடமிடம் சொல்லவில்லை.

ஐப்பசி அடைமழை. வரப்பெல்லாம் தண்ணீருக்குள்.
ஆய்வுக்கு இரண்டு சாக்கு வேண்டும், வீட்டுக்கு ஒரு பிடி.
அவருக்குச் சோறு கொண்டுபோன இடத்தில்,
பட்டறைக்குப் பின்னால், வடிகால் மேட்டில்
முழங்கால் உயரத்துக்கு நின்றது கீழாநெல்லி.
குனிந்தேன். ஒரே இடத்தில் இரண்டு சாக்கும் நிறைந்தது.
சாமிக்கு நன்றிகூடச் சொன்னேன்.

இரண்டாம் சுற்றில் கீழ்த்தட்டு கவிழ்ந்தது.
நடுத்தட்டைவிட மோசம்.
பச்சைக் கோட்டு எலிகள் முதுகைக் கூனி
மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன.
மேடம் ஊசியைச் சந்தேகப்பட்டார், தராசை,
பிறகு தன் கையை.
கடைசியில் பாகையே சோதனைக்கு அனுப்பினார்.
பதினோராம் நாள் தாள் வந்தது.
மருந்துக்குள் ஈயம்.

“எங்க பறிச்சீங்க, செல்லக்கிளி?”

சொன்னேன். ஈறைச் சொன்னேன். மோரையும் சொன்னேன்.
திட்டட்டும் என்று நின்றேன்.
அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காரச் சொன்னார்.
“முதல்ல அவரு அங்க போறத நிறுத்துங்க.
ரத்தம் பாக்கணும். செடி எல்லாம் அதுக்கப்புறம்தான்.”
நிறுத்தினால் நாளைக்கு எழுநூறு ரூபாய்.
அந்தக் கணக்குக்குக் காலண்டர் தாள் தேவைப்படவில்லை.

சாயங்காலம் பட்டறைக்குப் பின்னால் போனேன்.
இலைகளை மடக்கிக்கொண்டு செடிகள் உறங்கத் தொடங்கியிருந்தன.
அத்தனையையும் வேரோடு பிடுங்கினேன்.
வேர் விடவில்லை, கை எரிந்தது, விடவில்லை நானும்.

சாக்கு நிறைந்துவிட்டது. எங்கே கொட்டுவது?
எரித்தால் புகை. புதைத்தால் அதே மண்.
ஆற்றில் விட்டால்
கடல்வரைக்கும் எத்தனை மடை, எத்தனை வாய்.

சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
தகரச் சுவருக்கு உள்ளே சுத்தியல் சத்தம்,
இன்னொரு பேட்டரி.
அவர் வெளியே வர ஆறு மணியாகும்.